அக்காவிடம் சொல்லாதது

மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டியது இன்னும் கண்முன் நிற்கிறது. அக்காவின் கணவர் அவர். சுங்கை சிப்புட்டில் வீடு. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரி ஓட்டினார். நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருத்துவ உதவியாளன். தீபாவளிக்கு மறுநாள் அவர் வீட்டு வாசலில், "தல சுத்துது மச்சான், சும்மா பாரு லா" என்றார். காரில் இருந்த இரத்த அழுத்தக் கருவியை எடுத்துவந்து கட்டினேன். மேல் எண் இருநூறைத் தாண்டியது. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். குறையவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா" என்றேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க அக்காகிட்ட சொல்லாத. லாரில ஏற விடமாட்டா. திங்கக்கிழமை நானே போறேன்." நோயாளியின் ரகசியம் காப்பது தொழில் தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பண்டிகை வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை போன் செய்து கேட்கவும் மறந்துபோனேன்.

மூன்றாவது வாரம், கேமரன் மலையிலிருந்து தாப்பா ஊருக்கு இறங்கும் சாலையில் லாரியை எப்படியோ ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு. வயது ஐம்பத்தொன்று. சவப்பெட்டியருகே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்து எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னியாமே தம்பி? அப்புறம் எப்படி?" என்றாள். மாமா அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. தலையாட்டினேன்.

இப்போது என் வேலையில் பாதி, கோயில் மண்டபங்களில் இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவது. நாட்டின் சராசரி ஆயுளைத் தொண்ணூறு வயதுக் கிழவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பேன். தினம் ஒரு மாத்திரையில் தடுத்திருக்கக்கூடிய சாவுகள்தான் அதைக் கீழே இழுக்கின்றன. ஐம்பதில் ஒருவர் போனால், அவர் வாழாமல் விட்ட வருடங்களும் அதில் சேர்ந்தே குறைகின்றன. எல்லோரும் தலையசைப்பார்கள். போன மாதம் சுங்கை சிப்புட் கூட்டத்தில் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் மாமாவின் சாவை விதி என்று நம்பியிருப்பவள். 'தடுத்திருக்கக்கூடிய' என்ற சொல்லோடு என் நாக்கு நின்றுவிட்டது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"சொல்லியிருந்தா லாரிச் சாவிய ஒளிச்சு வெச்சிருப்பேனே தம்பி" என்றாள். "அதுகூடவா எனக்குச் செய்யத் தெரியாது?"

எழுந்து உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.