சனியாக ஓடிய ரோஸ்லின் அத்தை

செவ்வாய்க்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவே பள்ளி அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். என் அப்பாவின் தங்கை ரோஸ்லின் அத்தை, பிடோக் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பால் காலமாகிவிட்டார்கள்.

நாளை பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் நான் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும். 'அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர்' என்று அப்பா ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வேறு யாரோ. அவர் தூங்கியபின் இதை எழுதுகிறேன். அவர் கட்டில் கிறீச்சிட்டாலே கை நின்றுவிடுகிறது.

அத்தை எங்களோடுதான் இருந்தார்கள். விண்கலம் பற்றி நாளிதழில் எது வந்தாலும் வெட்டி பிஸ்கட் டின்னில் வைப்பார்கள். ஒரு விண்கலம் சனிக்கோளை நெருங்கிய வாரம் அவர்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எரிபொருளே செலவழிக்காம வேகம் ஏத்திக்கப் போவுதுடி ஷீலா! சனி கையப் பிடிச்சு ஒரு சுத்து, அப்படியே பறந்துடும்!"

அதைப் பங்குத் திருவிழாவில் நடித்துக் காட்ட முடிவு செய்தோம். சக்கரக் காலணியோடு நான் விண்கலம். இடுப்பில் ஹூலா வளையத்தோடு அத்தை சனி. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை. அவர்கள் கையைப் பிடித்துச் சுற்றினேன். திசை மாறியதே தவிர வேகம் கூடவில்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க அத்தை. சனி நிக்குமா?"

"ஐயோ, மடச்சி லா நான்! சனியும் ஓடணும்!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். கையைப் பிடித்தேன். தபால்பெட்டிகள் வரை பறந்தேன்! திரும்பிப் பார்த்தால் அத்தை தடுமாறி நின்று மூச்சு வாங்கினார்கள்.

"உன் வேகம் என்கிட்ட எடுத்தது. சனிக்கும் துளி குறையும். அவ்வளவு பெருசு, அதுக்குத் தெரியவே தெரியாது."

திருவிழாவுக்கு முந்தைய நாள், சனியைத் தாண்டிய விண்கலம் கோளாறாகி அடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. செத்துவிட்டதா என்று கேட்டேன்.

"சாவலடி. குழம்பிட்டா மத்த வேலையெல்லாம் நிறுத்திட்டு, பூமிப் பக்கம் முகத்தத் திருப்பி, என்ன சொல்றாங்கன்னு காத்திருக்கும். அது புத்தி."

மறுநாள் மேடையில் அத்தை சேலையைச் செருகியதும் முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். "ரோஸ்லின், நிறுத்து! மானம் போவுது!"

என் கால்கள் இறுகிவிட்டன. எல்லாம் மறந்துவிட்டது. அத்தையின் பக்கம் திரும்பி, கைகளை விண்கலத்தின் ஆன்டெனாக் கிண்ணம்போலத் தலைக்கு மேல் பிடித்து நின்றேன்.

அத்தைக்குப் புரிந்துவிட்டது. "பூமி பேசுறேன். அப்பாவப் பாக்காத. வலது கால எடு. கேக்குதா?"

"கேக்குது!"

"அப்ப வா!"

ஓடினார்கள். பிடித்தேன். படுதாவைக் கிழித்துக்கொண்டு போய் ஐஸ் கச்சாங் இனிப்பு விற்ற மேசையில் மோதித்தான் நின்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை அத்தை வானொலியைக் கேட்டுவிட்டு வீட்டையே எழுப்பினார்கள். "முழிச்சுக்கிச்சு! சொன்னதக் கேட்டுக்கிச்சு! அடுத்த கோளுக்குப் போவுது!" அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார். அத்தை அதையும் பிடுங்கினார்கள்.

நாளையும் அப்பா முன்வரிசையில்தான் இருப்பார். அவர் எழுதிய தாளை பிஸ்கட் டின்னின் அடியில் வைத்துவிட்டேன். இதைத்தான் படிக்கப் போகிறேன். குரல் நின்றுவிட்டால் அத்தை படத்தின் பக்கம் திரும்பி, கைகளைத் தலைக்கு மேல் பிடிப்பேன்.

போய் வாருங்கள், அத்தை. உங்களிடம் எடுத்த வேகம் இன்னும் குறையவில்லை.