"கீழை அடி, பிள்ளை!"

எனக்கு வாய் பெரிது. அதை ஒளிக்கத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், என் பன்னிரண்டு வயது மகள் சிறுமியர் ஐஸ் ஹொக்கி லீக்கில் விளையாடிய அந்தக் குளிர்காலம் முழுவதும், ஒரு ஆட்டம் விடாமல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று தமிழில் கத்தினேன். கோல் காக்கும் பிள்ளை முழங்காலில் விழுந்தால் "மேலை அடி!" நிமிர்ந்து நின்றால் "கீழை அடி!" மகளும் யோசிக்காமல் அப்படியே அடிப்பாள். கோலுக்கு மேல் கோல்! பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெற்றோர், நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ என்று எனக்குள் ஒரே புளுகம், பெருமை.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் அஜக்ஸ் பிள்ளைகளுடன். வென்றால் அடுத்த சுற்று. சமநிலை என்றாலும் சீசன் முடிந்தது. மகள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று பார்த்து, நான் மேலே என்றால் அந்த அணியின் கோல்காரியின் கை மேலே போனது. கீழே என்றால் முழங்கால் மடிந்தது. இதென்ன கோதாரி! இடைவேளையில் அவள் முகக்கவசத்தைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். தடுப்போடு நின்ற ஒரு பெண், "ஆறுதலாக் குடி, பிள்ளை" என்றார்.

எங்கடை ஆக்கள்! மகளுக்குச் சொல்லலாம் என்றால் அவள் மற்றப் பக்கத்தில் ஆட்டக்காரர் வாங்கில் இருந்தாள். மனைவி என்னை நுள்ளினாள். "இனியாவது வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ."

நின்றேனா? கடைசி நிமிடம், இரண்டுக்கு இரண்டு. மகள் பக் என்ற அந்த ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாய்ந்து வருகிறாள். முழு அரங்கமும் எழுந்துவிட்டது. எனக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. கீழே என்று கத்தினால் கோல்காரி விழுவாள், மேலே வெளித்துவிடும், மகள் அதைக் காணாமலா போவாள்?

"கீழை அடி, பிள்ளை!"

கோல்காரி விழுந்தாள். மேலே ஒரு யானை போகலாம், அவ்வளவு இடம். மகள் கீழே அடித்தாள். பக் கோல்காரியின் காலில் பட்டு நின்றது. ஆட்டம் முடிந்த மணி அடித்தது.

காரில் அவள் அழவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, மேலை எம்ப்டியா இருந்தது. நான் கண்டனான். பட், நீங்கள் கீழை எண்டு சொன்னனீங்கள்தானே?"