ஈயக்குண்டு வைத்துத் தைத்த சட்டை

காசிமேட்டில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கும் டெபோராவுக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. கணவன் லூயிஸ் விசைப்படகில் ஏறினால் கரை திரும்பப் பத்து நாளாகும். பிடித்த மீனெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். பிள்ளைக்குக் காலையில் டீயும் பன்னும், மத்தியானம் ரசம் சோறும்தான். இரண்டு வயது அஜின், பால்வாடி தராசில் எட்டு கிலோ நானூறு காட்டி, எடை அட்டையில் மிகக் குறைவு என்கிற சிவப்புக் கட்டத்தில் விழுந்தான். அன்றே வலைக்கூடத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாள்: "மீன்காரன் வூட்டுப் புள்ள இப்டியா கீது? அதுக்குப் போடாம இன்னாத்த துன்றீங்கோ ரெண்டு பேரும்?"

அந்தப் பேச்சு அவள் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. சிவப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சத்துமாவும் முட்டையும் உண்டென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக்குண்டுகளில் ஒன்றரை கிலோ எடுத்து, அஜினின் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள்.

"சளி புட்ச்சிகீது டீச்சர், சட்டய கயட்டாதீங்க," என்றாள் அடுத்த எடை நாளில். பால்வாடி டீச்சர் செங்கொடி நம்பினாள். அட்டை பச்சைக்கு மாறியது. கூடுதல் மாவும் முட்டையும் நின்றுபோயின. பாவி மனசு, அன்று டெபோரா நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் மாதம், தராசிலிருந்து தூக்கும்போது தையல் பிரிந்தது. ஈயக்குண்டுகள் சிமெண்டுத் தரையில் கடகடவென்று உருண்டன. கூடியிருந்த தாய்மார்களின் காலடிவரை போய் நின்றன. செங்கொடி திட்டவில்லை. சட்டையைக் கழற்றி மறுபடி எடை பார்த்தாள். ஏழு கிலோ தொள்ளாயிரம்.

"மூணு மாசம், டெபோரா," என்றாள். அட்டையில் பச்சையை அடித்துவிட்டுச் சிவப்பில் குறித்தாள்.

அன்றைக்கே அஜினை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினைந்து நாள் டெபோரா அவன் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள். பிள்ளை பாலை விழுங்கிய ஒவ்வொரு மடக்குக்கும் மாதாவைக் கும்பிட்டாள்.

அடுத்த எடை நாளில் வரிசையில் அவள்தான் முதல் ஆளாக நின்றாள். அவளைக் கேள்வி கேட்ட வலைக்கூடத்துப் பெண்ணும் தன் பிள்ளையோடு நின்றிருந்தாள். அத்தனை பேர் முன்னாலும் டெபோரா சட்டையைக் கழற்றி, விலா எலும்பு தெரிய அஜினைத் தராசில் உட்காரவைத்தாள். தொலைத்த அரை கிலோ திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

"எட்டு கிலோ நானூறு. இன்னும் சிகப்புதான்," என்றாள் டெபோரா. "எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லி எய்துங்க டீச்சர்."