கண்ணுச்சாமி உலர்த்திய இலைகள்

எங்கள் கல்லூரியில் பொய் சொல்லாத ஒரே ஆளைத்தான் பொய் சொன்னான் என்று வீட்டுக்கு அனுப்பினோம். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான்.

கண்ணுச்சாமிக்குச் சொந்த ஊர் சிலமலை. பதினான்கு வயதில் மலையேறி, ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில், பத்து வருடம் வேலை பார்த்தவன். 1969-ல் எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கு உதவியாள் தேடியபோது வந்து சேர்ந்தான். போடிமெட்டுச் சரிவில் எந்தப் பாறையடியில் எந்தச் செடி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். பேராசிரியர்கள் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்ததை அவன் காலில் அட்டைக்கடியோடு பறித்துக்கொண்டு வந்து மேசையில் வைப்பான். அதை உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயரும் ஊரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவார்கள். பத்து வருடத்தில் அப்படி இருநூறு தாள்கள் சேர்ந்தன.

ஆனால் அவன் தற்காலிகம். துறைக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த அங்கீகாரமே தற்காலிகம்தான். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கமிஷன் வந்து பார்த்துப் புதுப்பிக்கும். துறை நிரந்தரமானால்தான் கண்ணுச்சாமியும் நிரந்தரம். எல்லாரும் கையெழுத்துப் போடும் பெரிய பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. அவனுக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாகக் கிடந்தது.

"அண்ணே, இந்தத் தடவையாச்சும் பெரிய புஸ்தகத்துல ஏறிருவேனா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பான்.

1979 நவம்பரில் கமிஷன் வருவதாகக் கடிதம் வந்தது. இடையில் மூன்றே வாரம். இந்த முறை நிரந்தர அங்கீகாரம் கிடைத்துவிடும் என்று முதல்வர் நம்பினார். அந்த மூன்று வாரம் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. நூலகத்தில் காலி அலமாரிகளைப் பூட்டித் திரை போட்டோம். வேறு ஊருக்குப் போய்விட்ட இரண்டு ஆசிரியர்களின் பெயரை நானே பட்டியலில் தட்டச்சு செய்தேன். கல்யாண மண்டபத்து நாற்காலிகள் வகுப்பறைக்கு வந்தன. யாருக்கும் கூச்சமே இல்லை.

தாவரவியல் அலமாரியைத் திறந்தபோதுதான் துறைத்தலைவர் திருப்பதிக்கு வியர்த்தது. கூரை ஒழுகி நூற்றிருபது தாள்கள் பூசணம் பிடித்திருந்தன.

"இதக் காட்டுனா மானம் போயிரும்யா. வெரசா எல்லாத்தையும் புதுசா ஒட்டிரு" என்று கண்ணுச்சாமியிடம் சொல்லிவிட்டு அவர் கோப்புகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அடைமழைக் காலம். கண்ணுச்சாமி தினமும் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போனான். முன்பு எந்தப் பாறையடியில் எந்தச் செடியைப் பறித்தானோ அங்கேயே தேடிப் பறித்தான். காய்ச்சலோடு இரண்டு நாள் போனான். அவன் மனைவி ராமுத்தாய் கல்லூரி வாசலுக்கே வந்து என்னிடம் சண்டை போட்டாள். மழையில் இலை உலராது என்பதால் பழைய ஸ்டோருக்கே கொண்டுபோய்ச் சூட்டில் வைத்து உலர்த்தினான். அங்கே காயை உலர்த்துவதற்கு முன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். காய் பச்சை மாறாமல் இருக்கும். பச்சைக் காயைத்தான் வியாபாரிகள் தேடுவார்கள். கண்ணுச்சாமி இலைகளையும் அப்படியே முக்கி எடுத்தான். அதே செடி, அதே இடம் என்பதால் பழைய சீட்டுகளை உரித்து, தேதியோடு புதுத் தாளில் ஒட்டினான். பூசணம் பிடித்த காயை ஸ்டோரில் வைத்திருக்க மாட்டார்கள், மற்றதற்கும் பரவிவிடும். அந்த வழக்கப்படி பழைய தாள்களை அடுப்பில் போட்டுவிட்டான்.

கமிஷனில் வந்த ஒருவர் தாவரவியல்காரர். நாற்காலியையும் திரையையும் பார்க்காத அந்த மனிதர், இந்தத் தாள்களை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குறிப்பெழுத நான் பக்கத்தில் நின்றேன்.

"1971-ல் பறிச்ச இலை இவ்வளவு பச்சையா இருக்கே? யார் செஞ்சது?"

கண்ணுச்சாமி முன்னால் வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

"நாந்தேன் சார். சோடாத் தண்ணியில முக்குனா நெறம் போகாது."

"எப்பப் பறிச்சது?"

"போன வாரம் சார்."

"பழைய தாளெல்லாம் எங்கே?"

"எரிச்சுட்டேன் சார். பூசணம் பரவிரும்ல."

அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, துறைத்தலைவரைப் பார்த்தார். திருப்பதி கொஞ்சமும் தயங்காமல், "எனக்குத் தெரியாது சார், இவனாவே செஞ்சிருக்கான்" என்றார். அதுவும் ஒரு வகையில் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பழைய தேதி போட்டு மாதிரிகளைப் போலியாகத் தயாரித்ததாக அறிக்கை வந்தது. துறைக்கு ஒரு வருடம் மட்டும் நீட்டிப்பு, காரணமானவர் மீது நடவடிக்கை. காலி அலமாரி பற்றியும் இல்லாத ஆசிரியர்கள் பற்றியும் அதில் ஒரு வரி கூட இல்லை. நான் உத்தரவைத் தட்டச்சு செய்து, நானே அவனிடம் கொடுத்தேன்.

படித்துவிட்டு, "நான் என்ன தப்புப் பண்ணுனேன்ணே? அதே செடிதான?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இது சும்மா கண்துடைப்புடா. தொற நிரந்தரமானதும் ஒன்னத்தான் மொதல்ல கூப்புடுவாங்க. அதுவரைக்கும் மலையில இரு."

அவன் தலையாட்டி, எப்போதும்போல "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு அன்றே போனான். பழைய ஸ்டோரில் தினக்கூலியாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

1985-ல் துறை நிரந்தரமானது. இரண்டு உதவியாளர்களின் பெயர் பெரிய பதிவேட்டில் ஏறியது. இரண்டு பேருமே புது ஆட்கள். அடுத்த வருடம் ஒரு விசேஷத்துக்காக மலைக்குப் போனவன், போடிமெட்டில் ஜீப்புக்குக் காத்திருந்தபோது கண்ணுச்சாமியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொற நிரந்தரமாயிருச்சாம்ல? கேள்விப்பட்டேன். ஒரு வருசமாச்சே, எனக்கு எப்பண்ணே கூப்புடுவாக?"

நான் மறந்தே போயிருந்த பேச்சு அது. அவன் ஆறு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"கூப்புட மாட்டாங்கடா. அன்னைக்கு ஒன்னச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வருசம் என்னைய ஸ்டோருக்கு மேஸ்திரியாப் போடுறேன்னாகண்ணே. இருக்க வீடும் தர்றேன்னாக. ராமுத்தாயி ஒத்துக்கங்கன்னு அழுதா. காலேசுல கூப்புட்டா பாதியில விட்டுட்டுப் போகணும், அவுகளுக்கு அது நட்டமாயிரும்னு நாந்தேன் வேண்டாம்னுட்டேன். இப்ப வேற ஆளு இருக்காரு."

அவன் போகவேண்டிய ஜீப்பு வந்தது. தோட்டத்துக் கூலிகள் நெருக்கியடித்து ஏறினார்கள். அவனும் அவர்களோடு பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வர்றேண்ணே" என்று சொல்லாமல் அவன் என்னிடமிருந்து போனது அதுதான் முதல் தடவை.