வெயிலில் போன மஞ்சள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கல்யாணமான மறு வருடம் பட்டறைக்கு ஒரு தலைவலி வந்தது. நாங்கள் வெள்ளை வெளேரென்று வெளுத்துக் கொடுத்த துணியில் தைத்த குழந்தைச் சட்டைகள், பெட்டிக்குள் இரண்டு வாரம் இருந்ததும் மஞ்சளித்துப்போயின. பழி முழுக்க லேப்பின் மேல். தண்ணீர், சோப்பு, துணி மெத்தென்று இருக்கப் போடும் ரசாயனம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதிலும் குற்றமில்லை.

கழித்துப் போட்டதில் நான்கு சட்டைகளை, போட்டிருந்த பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடுப்படிச் சன்னலில் மாலை வெயில் கண் கூசுகிறதென்று, என் மனைவி அதில் ஒன்றைப் பிரித்து இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிட்டாள்.

நாலாம் நாள் கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க. மஞ்சளையே காணோமுங்க."

"வெயில்ல எதுன்னாலும் வெளுக்கும் புள்ள" என்றேன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கிளிப்புக்கு அடியில மட்டும் அப்படியே இருக்குதுங்களே!"

எழுந்து போனேன். விரலகலத்துக்கு இரண்டு மஞ்சள் திட்டுகள். மற்றதெல்லாம் பளிச்சென்ற வெள்ளை.

அவள் அதோடு விடவில்லை. மீதி மூன்றில் ஒன்றை மொட்டை மாடி வெயிலில் போட்டாள். ஒன்றை வீட்டுக்குள் கொடியில் போட்டாள். ஒன்றைக் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். ஒரு வாரத்தில் மாடிச் சட்டை வெளுத்தது, கொடியில் கிடந்தது மாறவில்லை, கவருக்குள் இருந்தது முன்னைவிட மஞ்சள்.

"துணிமேல தப்பில்லீங்க. அந்தக் கவரைப் பாருங்க" என்றாள்.

ஒரே துணியை வெட்டி, பாதியைச் சட்டை தைப்பவர்கள் முன்பு போட்டுவந்த பழைய கவரிலும் பாதியை அவர்கள் இப்போது புதிதாக வாங்கிப் போடும் கவரிலும் போட்டு வைத்தேன். புதுக் கவரில் இருந்தது மட்டும் மஞ்சளித்தது. கவரில் கலந்திருந்த ஏதோ ஒன்று துணியில் ஏறியிருக்கிறது. வெயில் பட்டால் கலைந்துவிடும் சாதி மஞ்சள் அது. கவரை மாற்றினார்கள். சட்டைகள் மஞ்சளிப்பது நின்றது.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"நானில்லீங்க. எங்கூட்டுக்காரிதானுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை லேப்புக்குக் கூட்டிப்போனேன். விதவிதமான விளக்குகளில் நிறம் பார்க்கும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. அதற்குள் தன் சேலை முந்தானையை நீட்டினாள். ஒரு விளக்கில் அரக்கு, இன்னொன்றில் காப்பிக்கொட்டை நிறம்.

"கடைக்காரரு என்னைய ஏமாத்திப்போட்டாருங்க!" என்று சிரித்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் இழுத்து, மறுபடியும் முதல் விளக்கிலிருந்து போடத் தொடங்கினாள்.