ஏரிக் கட்டுரையில் ஒரு வரி

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எங்கள் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஆரம்பித்தது நான்தான். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஏரி. பரப்பளவு, மதகு, வந்துபோகும் பறவைகள் என்று எழுதினேன். பறவைகளில் பாதி தப்பு. ஒன்பது வருஷமாக ஒருத்தரும் அந்தத் தப்பைத் தொடவில்லை.

நான் ரிட்டையர் ஆனவன், தனிக்கட்டை. பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே கவனிப்புப் பட்டியலைத் திறந்துவிடுவேன். நான் எழுதியதில் யார் கை வைத்தார்கள் என்று அதில் தெரியும். சான்று இல்லாமல் யாராவது ஒரு வரி சேர்த்தால் போதும், ஒரே அமுக்கு, போயே போச்சு. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். வேறு எதற்கும் யாரும் என்னைக் கேட்பதில்லையே!

இருந்தது ஒரே நண்பன், எதிர் ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, பிளாஸ்டிக்கையும் ஆகாயத்தாமரையையும் வாரிக் கரையில் போடுவான். அவனைப் பார்த்துத்தான் காலனியே இறங்கியது. அப்புறம் வேலி வந்தது, போர்டு வந்தது. போர்டில் அவன் பேர் இல்லை.

ஒருநாள் அசோசியேஷன் மீட்டிங்கில் நான் ஏரியைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும் அவன் சொன்னான்: "நீ சும்மா இருடா. உக்காந்து டைப் அடிக்கிற ஆளு. ஒரு நாளாவது தண்ணில கால நனைச்சிருக்கியா?" சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிஜத்தைச் சொன்னால் எரியத்தானே செய்யும்.

அந்த வாரமே பட்டியலில் அவன் பயனர் பெயர் வந்தது. கணக்கு தொடங்கிக் கொடுத்ததே நான்தான். ஏரிக் கட்டுரையில் ஏதோ ஒரு வரி சேர்த்திருந்தான். ஓஹோ, தன் பெருமையைத் தானே பாடிக்கொள்கிறானா என்று வந்த ஆத்திரத்தில் வரியைப் படிக்கக்கூட இல்லை. நீக்கினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'சுயவிளம்பரம்' என்று தட்டினேன். அவன் மறுபடி போடவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. அதன் பிறகு லிஃப்டில் பார்த்தால் ஆளுக்கொரு மூலை.

போன வருஷம் அவன் செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் இருந்த விஷயமே செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவனுக்கு அந்தக் கட்டுரையிலாவது ஒரு வரி வேண்டும் என்று தோன்றியது. 'இந்த ஏரியில் முதலில் இறங்கிச் சுத்தம் செய்தவர்' என்று அவன் பெயரோடு எழுதினேன். பதினோரு நிமிஷம் இருந்தது. 'சான்று இல்லை' என்று யாரோ நீக்கிவிட்டார்கள். திரும்பப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் காணோம். சான்றுக்கு எங்கே போவேன்? கேட்டில் வீசிவிட்டுப் போகிற இலவச வாரப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து எடுத்துத் தேடினேன். ஏரிச் செய்தி இருந்தது, வேலி போட்டோ இருந்தது. அவன் இல்லை. பொய்ப் பறவைகள் ஒன்பது வருஷம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கின்றன, இவனுக்குப் பதினோரு நிமிஷம்தானா? மூன்றாவது தடவையும், நான்காவது தடவையும் போட்டேன்.

நீக்கியவர், எனக்குச் செய்தி எழுதிவைக்கிற என் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகவே எழுதியிருந்தார்: "ஐயா, இதே கட்டுரையில் சான்றில்லாத வரியை நீங்களே முன்பு நீக்கியிருக்கிறீர்கள். பாருங்கள்." கீழே ஒரு இணைப்பு.

அங்கே நீக்கியது எதுவும் ஒரேயடியாகப் போய்விடாது. பழைய பதிப்புகள் எல்லாம் பின்னால் கிடக்கும். திறந்தேன். இடது பக்கத்தில் அவன் சேர்த்த வரி. 'இந்த ஏரி இருப்பதை ஊருக்கு முதலில் எழுதிச் சொன்னவர்' என்று போட்டு, என் பெயர். தன்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சேர்த்ததற்குக் காரணமாக, 'அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தான்.

நேரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம் இருந்திருக்கிறது.

பாவி, கதவைத் தட்டிச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, அவன் சொல்லித்தான் இருக்கிறான். 'சுயவிளம்பரம்' என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.