எல்லாக் கட்டிலும் சொந்தம்

அந்த ஆஸ்பத்திரி முதலில் ஒரு மரக்கிடங்கு. அக்கரைக்காரர்களும் இக்கரைக்காரர்களும் ஆற்று மணலுக்காக வெட்டிக்கொண்ட வருஷம், காயம்பட்டவர்களைத் தொலைவில் இருந்த பெரிய ஊருக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே இரண்டு தரப்பிலும் பிணம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, பாலத்தடியில் கிடந்த கிடங்கை ஆளுக்குப் பாதி செலவழித்து ஆஸ்பத்திரியாக்கினார்கள். அப்போதும் வீம்பு போகவில்லை. இடது சுவரோரக் கட்டில்கள் அக்கரைக்கு, வலது சுவரோரக் கட்டில்கள் இக்கரைக்கு. மாறிப் படுத்தால் மானம் கப்பலேறிவிடுமாம்!

நர்ஸம்மா இக்கரைக்காரி. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வெட்டுப்பட்டவனை வார்டுக்குள்ளேயே தேடிவந்து தீர்த்துக்கட்டுவது சர்வ சாதாரணம். முதல் தடவை அரிவாளோடு வந்தவர்களைப் பார்த்ததும் குறுக்கே போய் நின்றாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இவரு எனக்குச் சித்தப்பா முறை. தொடாதீங்க."

பச்சைப் பொய். ஆனாலும் திரும்பிப் போய்விட்டார்கள். நாளைக்கு அவர்கள் மண்டை பிளந்தாலும் தைக்க அவள்தானே வேண்டும்! பிறகு அதுவே அவள் வழக்கமாயிற்று. ஒருவன் கொழுந்தன், இன்னொருவன் பெரியப்பா மகன். 'சொந்தக்காரி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

பாலத்தில் மறுபடி வெட்டுக்குத்து மூண்ட அன்று, இக்கரைக் கட்டில்கள் நிரம்பிவிட்டன. கடைசியாகத் தூக்கிவந்தது அவள் புருஷனை. சண்டையை விலக்கப் போன மனுஷன். முகம் கிழிந்து தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். கண்ணையும் மூக்கையும் மட்டும் விட்டு முகம் முழுக்கக் கட்டுப்போட்டு, காலியாக இருந்த அக்கரைக் கட்டிலில் படுக்கவைத்தாள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

அப்போது கதவை உதைத்துக்கொண்டு அவள் தம்பி நுழைந்தான். கையில் அரிவாள்.

"எங்க மாமாவ வெட்டிட்டு இங்க வந்து சொகுசாப் படுத்திருக்கியா?"

அவன் கண் அந்தக் கட்டிலில்தான் இருந்தது. அவள் குறுக்கே விழுந்தாள்.

"டேய், இதுதான்டா உன் மாமா! கை வைக்காதடா!"

தம்பி சிரித்தான். "உனக்கு எந்தக் கட்டில்லக்கா சொந்தம் இல்ல? நகரு."

ஊரார் அவளுக்குப் பயந்தார்கள்; கூடப்பிறந்தவனுக்கு என்ன பயம்? அவளை இழுத்துத் தள்ளினான். அரிவாள் இரண்டு தடவை இறங்கியது. ரத்தம் சுவர்வரை தெறித்தது.

அவள் ஓடிவந்து முகத்துக் கட்டைப் பிய்த்தாள். "பாருடா பாவி! நல்லாப் பாரு!"

அவன் பார்த்தான். அரிவாளைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினான். பாலத்து முனையில் அக்கரைக்காரர்கள் அவனை மடக்கித் தொடையைப் பிளந்தார்கள். யாரோ அவனையும் அவளிடமே கொண்டுவந்து போட்டார்கள். புருஷனின் உடம்பை இன்னும் எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் தம்பியைச் சபித்துக்கொண்டே அவள் தைத்தாள்.

முடிப்பதற்குள் அக்கரைக்காரர்கள் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

"என்ன சொந்தக்காரி, இவன் உனக்கு என்ன வேணும்?"

யாருமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவள் தொண்டைவரை வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு முனகினான்.

"யாருமில்லன்னு சொல்லிடுக்கா."

அவள் ஊசியோடு எழுந்து கட்டிலை மறித்து நின்றாள்.

"என் தம்பி. தொடாதீங்க."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்போதும்போல அவள் சொன்னதை நம்பவில்லை. எப்போதும்போலத் திரும்பிப் போனார்கள்.